கோட்டைக்கு வெளியே இருந்த வயல்: இங்கிலாந்துப் பயணக் குறிப்புகள்

திங்கள், பேட்டில்

லண்டன் சாரிங் கிராஸ் நிலையத்தில் காலை ரயில் பிடித்து பேட்டில் வந்து சேர்ந்தேன். ஹேஸ்டிங்ஸ் போர் என்று நாம் பாடப் புத்தகத்தில் படித்தது கடலோர ஹேஸ்டிங்ஸில் நடக்கவில்லை. உள்ளே தள்ளியிருக்கும் இந்த ஊரின் சரிவில்தான் 1066 அக்டோபர் 14 அன்று நடந்தது. இப்போது அங்கே புல் வளர்ந்து ஆடு மேய்கிறது. மேலே ஆங்கிலேயர் அணிவகுத்து நின்ற மேடு, கீழே பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் ஏறிய ஈரத் தாழ்வு. இரண்டுக்கும் இடையே நடந்து பார்த்தேன். கவசமும் ஆயுதமும் சுமந்து இந்த ஏற்றத்தில் ஒரு பகல் முழுக்கத் திரும்பத் திரும்ப ஏறியிருக்கிறார்கள்.

வென்ற நார்மன் தலைவன் வில்லியம் இங்கே ஒரு மடாலயம் கட்டினான். அரசன் ஹெரால்டு விழுந்த இடத்தில்தான் அதன் தலைமைப் பலிபீடம் அமைந்தது என்பது மரபு. 1538இல் மடாலயம் கலைக்கப்பட்ட பிறகு கோயிலை இடித்துவிட்டார்கள். பலிபீடம் இருந்த இடத்தில் தரையோடு ஒரு கல் மட்டும் இருக்கிறது. துறவிகள் தங்கிய கட்டடத்தின் சுவர்களும் 1338இல் எழுந்த நுழைவாயிலும் இன்னும் கம்பீரமாக நிற்கின்றன.

நிலத்துக்கு ஈடாகப் படையும் உழைப்பும் தரும் நிலப்பிரபுத்துவத்தைப் பார்க்கக் கிளம்பியவள் போர்க்களத்தில் ஏன் தொடங்குகிறேன் என்று கேட்கலாம். பிரான்சிலும் ஜெர்மனியிலும் இந்த முறை சில நூற்றாண்டுகளாக ஊருக்கு ஊர் வேறு மாதிரி, பழைய சொத்துரிமைகளோடு கலந்து வளர்ந்தது. இங்கிலாந்திலோ ஒரே போரில் நிலம் முழுவதும் கைமாறிவிட்டது. நாட்டின் மண் எல்லாம் அரசனுடையது, மற்றவர்கள் அவனிடமிருந்து பெற்று வைத்திருப்பவர்கள் மட்டுமே என்ற கொள்கை இங்கே போலத் துப்புரவாக வேறெங்கும் நிலைக்கவில்லை. அரசனிடமிருந்து நேரடியாக நிலம் பெற்ற பெரிய பிரபுக்கள் சுமார் 200 பேர். அவர்கள் தங்கள் பங்கிலிருந்து கீழே உள்ளவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

கொடுத்ததற்கு ஈடு படை. இத்தனை நிலத்துக்கு இத்தனை குதிரைவீரர்கள் என்று கணக்கு. ஒரு நைட் ஆண்டுக்கு 40 நாள் தன் சொந்தச் செலவில், சொந்தக் குதிரையோடு வந்து நிற்க வேண்டும் என்பது வழக்கம். நிலம் பெறுகிறவன் ஆயுதத்தைக் கழற்றிவைத்து, தலையில் ஒன்றும் இல்லாமல் மண்டியிட்டு, கூப்பிய இரு கைகளையும் பிரபுவின் கைகளுக்குள் வைத்து 'இனி நான் உங்கள் ஆள்' என்பான். அப்புறம் வேதப் புத்தகத்தின் மேலோ புனிதர் உடலின் எச்சத்தின் மேலோ விசுவாசப் பிரமாணம். இது ஒருவழிப் பாதை இல்லை. பிரபுவும் அவனைக் காக்க வேண்டும், அவனுக்கு நீதி வழங்க வேண்டும். தவறினால் உறவு முறிந்ததாகக் கொள்ளலாம்.

பள்ளிக்கூடத்தில் வரைந்த பிரமிடு படத்தின் மேல்பாதி இவ்வளவுதான். இந்தக் கைகளுக்குள் கை வைத்தவர்கள் எல்லோரும் சுதந்திர மனிதர்கள். அந்தப் படத்தின் அடிப்பட்டையில் 'விவசாயிகள்' என்று ஒற்றைச் சொல்லோடு விட்டிருப்பார்கள். எனக்கு அந்த அடிப்பட்டைதான் வேண்டும். இந்தப் பயணமே அதற்காகத்தான்.

செவ்வாய், லிங்கன்

லண்டன் திரும்பி, கிங்ஸ் கிராஸிலிருந்து நியூவார்க் வழியாக லிங்கன். ரயிலில் பாதி நேரம் மழை. நிலையத்திலிருந்து கோட்டைக்கு ஏறும் தெருவுக்கு 'ஸ்டீப் ஹில்' என்று பெயர். பெயருக்குக் குறை வைக்காத ஏற்றம்.

1068இல் வில்லியம் இங்கே கோட்டை எழுப்ப உத்தரவிட்டான். அதற்காக இடித்த வீடுகள் 166. இந்த எண் நமக்குத் தெரியக் காரணம் டூம்ஸ்டே புத்தகம். 1085 கிறிஸ்துமஸ் சமயத்தில் குளோஸ்டரில் கூடிய அவையில் வில்லியம் முடிவெடுத்து, 1086இல் நாடு முழுக்க ஆள் அனுப்பி எடுத்த கணக்கு அது. 13,000க்கும் மேற்பட்ட ஊர்கள். ஒவ்வொரு ஊரிலும் முன்பு யாரிடம் நிலம் இருந்தது, இப்போது யாரிடம், எத்தனை ஏர், எத்தனை ஆலை, எத்தனை ஆள், அன்றைய மதிப்பு, இன்றைய மதிப்பு. ஒரு மாடு, ஒரு பன்றிகூட விடுபடவில்லை என்று அக்காலத்து ஆங்கிலேயத் துறவி ஒருவர் மனம் நொந்து எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் கணக்கில் வரும் குடும்பத் தலைவர்களில் பத்துக்கு நால்வர் பண்ணைக்குக் கட்டுப்பட்ட குடியானவர்கள். இன்னும் மூன்று பேர் துண்டு நிலமும் குடிசையும் மட்டும் உள்ளவர்கள். ஒருவர் முழு அடிமை. சுதந்திரமாக நிலம் வைத்திருந்தவர்கள் 14 சதவீதம் அளவில்தான். முழு அடிமைத்தனம் அடுத்த நூற்றாண்டில் மறைந்துபோனது உண்மை. ஆனால் அதே காலத்தில் நடுவிலிருந்த குடியானவர்களின் பிடி இறுகியது. 1200ஐ ஒட்டி அரச நீதிமன்றங்கள் சுதந்திரமானவன் யார், இல்லாதவன் யார் என்று கோடு கிழித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்டார்கள். இனிமேல் இந்தக் குறிப்புகளில் பண்ணையடிமை என்று நான் சொல்வது இவர்களைத்தான்.

கோட்டைக்குள் ஒரு நிலவறையில் 1215ஆம் ஆண்டு மேக்னா கார்ட்டாவின், அதாவது ஜான் அரசனிடமிருந்து பிரபுக்கள் பெற்ற சாசனத்தின், மூலப் பிரதி இருக்கிறது. எஞ்சியிருப்பவை நான்கே, மற்றவற்றில் இரண்டு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில், ஒன்று சால்ஸ்பரி பேராலயத்தில். இருட்டறையில் மங்கிய விளக்கில், பொடி எழுத்தில் ஒரே ஒரு தோல் ஏடு. மனித உரிமையின் பிறப்பு என்று இதைக் கொண்டாடுவதைக் கேட்டே வளர்ந்தவள் நான். பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பை நிதானமாகப் படித்தால் பெரும்பகுதி பிரபுக்களின் நிலவரிச் சண்டை. ஒரு பிரபு இறந்தால் வாரிசு நிலத்தைப் பெற அரசனுக்குக் கட்டும் தொகை 100 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது இரண்டாம் பிரிவு. ஏன் இந்த வரம்பு? ஜான் அரசன் 1205இல் நிக்கோலஸ் டி ஸ்டட்வில் என்பவரிடம் இதற்குக் கேட்டது 10,000 மார்க், அதாவது 6,600 பவுண்டுக்கும் மேல். விதவையை அவள் விருப்பத்துக்கு மாறாக மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது எட்டாம் பிரிவு. நிலமுள்ள விதவையை மணக்கும் உரிமையை அரசன் விலைக்கு விற்றுக்கொண்டிருந்தான் என்பதால்தான் அப்படி எழுத வேண்டி வந்தது. ஜானின் முன்னாள் மனைவி இசபெல்லாவை மணக்க ஜெஃப்ரி டி மேண்டவில் என்ற பிரபு ஒப்புக்கொண்ட தொகை 20,000 மார்க்.

எல்லோரும் மேற்கோள் காட்டும் 39ஆம் பிரிவு 'எந்தச் சுதந்திர மனிதனையும்' சட்டப்படி அன்றிச் சிறைபிடிக்கக் கூடாது என்கிறது. நாட்டு ஜனத்தில் ஏறக்குறையப் பாதி அந்த ஒரு அடைமொழியால் வெளியே நிற்கிறது. பண்ணையடிமை 20ஆம் பிரிவில் ஒருமுறை வருகிறான்: அரசனின் அதிகாரிகள் அவனுக்கு அபராதம் விதித்தாலும் அவன் உழவுச் சாதனங்களைப் பறிக்காமல் விட வேண்டும். அவன் உழுதால்தானே பிரபுவுக்கு வருமானம்!

மதில் மேல் ஒரு சுற்று நடந்தேன். இந்தக் கோட்டையை 1217இல் அறுபது வயது தாண்டிய ஒரு பெண் முற்றுகைக்கு விட்டுக்கொடுக்காமல் காத்தார். பெயர் நிக்கோலா டி லா ஹே. தகப்பன்வழி உரிமையாக வந்த கோட்டைப் பொறுப்பு அது. ஆண் வாரிசு இல்லாத இடத்தில் நிலமும் பதவியும் பெண்ணுக்கு வந்தன. சாதாரணமாகக் கணவன்தான் அதை நடத்துவான். நிக்கோலா தானே நடத்தினார். அவர் நின்ற மதிலில் நிற்க எனக்குப் பெருமையாகவே இருந்தது.

புதன், லாக்ஸ்டன்

லெஸ்டரில் இருக்கும் அக்கா காரோடு வந்துவிட்டாள். இந்தப் பயணத்தில் நான் அதிகம் ஆசைப்பட்ட இடம் இதுதான். நாட்டிங்காம்ஷயரில் ஒரு சின்ன ஊர், லாக்ஸ்டன். இடைக்காலத்துத் திறந்தவெளி வயல் முறையில், ஊர் வயல் நீதிமன்றத்தோடு, இன்றும் விவசாயம் நடக்கிறது.

ஊரில் மூன்று பெரிய வயல்கள்: மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல். வேலி இல்லை. ஒவ்வொரு வயலும் நீள நீளப் பட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு விவசாயிக்கு இங்கே ஒரு பட்டை, அங்கே ஒரு பட்டை என்று மூன்று வயல்களிலும் சிதறிக் கிடக்கும். நல்ல மண்ணும் களிமண்ணும் எல்லோருக்கும் கலந்து வந்தன. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த வருடம் மாறும். பட்டை ஏன் இத்தனை நீளம்? கனமான கலப்பையை எட்டு மாடு வரை பூட்டி இழுத்தார்கள். அந்த வரிசையைத் திருப்புவது பெரும்பாடு. முடிந்தவரை நேராகப் போய்த் திரும்பினார்கள். 220 கெஜம் நீளம், 22 கெஜம் அகலம் என்பது ஓர் ஏக்கர். அது ஏறக்குறைய ஒரு நாள் உழவு.

அறுவடை முடிந்த தாள்களுக்கு நடுவே உழாமல் விட்ட புல்தடங்கள் போகின்றன. அந்தப் புல் பொது. உழுகிறவர் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பையை நகர்த்திவிடக் கூடாது. நவம்பர் கடைசியில் ஊர்க்காரர்களே ஜூரிகளாகப் போய் ஒவ்வொரு எல்லையையும் பார்த்து, மரமுளை அடித்து, மீறியவர் பெயரைக் குறித்துவருவார்கள். பிறகு நீதிமன்றம் கூடி அபராதம் விதிக்கும். 1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் இந்த ஊரின் ஒவ்வொரு பட்டையையும் அளந்து வரைந்த வரைபடம் இன்றும் இருக்கிறது. அதன் நகலைப் பார்வையாளர் மையத்தில் பார்த்துவிட்டு வயலில் இறங்கினால் வழி தெரிகிறது.

அக்காவுக்கு இது பிடித்துப்போனது. "நல்லாத்தானே இருக்கு, எல்லாருக்கும் பங்கு, ஊரே கூடி முடிவு பண்ணுது" என்றாள். அந்தப் பகுதி உண்மையாகவே நன்றாக இருந்தது. கூட்டாக உழுது, கூட்டாக மேய்த்து, எப்போது விதைப்பது என்று கூடிப் பேசி வாழ்ந்தவர்களின் அறிவு அது. பிரபு வருவதற்கு முன்பே இருந்தது, பிரபு போன பிறகும் இதோ இருக்கிறது. அதன் மேல் ஏறி உட்கார்ந்ததுதான் பண்ணை முறை.

ஊரின் வடக்கே புல் மூடிய பெரிய மண்மேடு ஒன்று இருக்கிறது, நார்மன் கோட்டையின் எச்சம். ஏறி உட்கார்ந்து அக்காவுக்கு விளக்கினேன். டூம்ஸ்டே கணக்கில் இந்த ஊர் முன்பு டோக்கி என்பவருடையது, இப்போது ஜெஃப்ரி அல்சலினுடையது என்று வருகிறது. டோக்கி போய் ஜெஃப்ரி வந்தபோது உழுகிறவன் மாறவில்லை. யாருக்காக உழுகிறான் என்பதுதான் மாறியது.

வயலில் ஒரு பங்கு பிரபுவின் சொந்தப் பண்ணை. பண்ணையடிமை தன் பட்டைகளுக்கு ஈடாக அந்தப் பண்ணையில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். தெற்கிலும் மத்தியிலும் இருந்த பெரிய மடாலயப் பண்ணைகளில் இது கடுமை. வடக்கே, டேனியர் குடியேறிய பகுதிகளில் லேசு. அறுவடைக் காலத்தில் அதற்கு மேலும் நாட்கள். தன் கதிர் முற்றி நிற்கும், மழை வரும், ஆனாலும் பிரபுவின் கதிர்தான் முதலில்.

"அப்போ தன் வயலுக்கு எப்பப் போவான்?" என்றாள் அக்கா.

"பொண்டாட்டி பிள்ளைங்க பாத்துக்கணும்க்கா. இல்லன்னா ராத்திரி நிலா வெளிச்சத்துல."

இதோடு முடியவில்லை. மகளுக்குக் கல்யாணம் என்றால் பிரபுவுக்குக் கட்டணம். ஊரை விட்டு வெளியே பிழைக்கப் போனால் ஆண்டுக்கு ஒரு கட்டணம். மாவு அரைக்கப் பிரபுவின் ஆலைக்குத்தான் போக வேண்டும், அங்கே ஒரு பங்கு பிடித்துக்கொள்வார்கள். விளைச்சலில் பத்தில் ஒன்று தேவாலயத்துக்கு. வீட்டுத் தலைவன் செத்தால் இருப்பதிலேயே நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிப் போவார். அடுத்த நல்ல மாடு பல இடங்களில் பாதிரியாருக்கு. சாவு விழுந்த வீட்டில் முதலில் கொட்டில் காலியாகும். எனக்கு இந்தப் பட்டியலிலேயே தாங்க முடியாதது அதுதான். அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை.

வழக்கு என்றால் பிரபுவின் பண்ணை நீதிமன்றம்தான். தன் நிலத்துக்காக அரச நீதிமன்றத்துக்குப் போக அவனுக்கு உரிமை கிடையாது. இருந்தும் அந்தப் பண்ணை நீதிமன்றத்தில் ஊர் வழக்கம் செல்லுபடியாகும். தீர்ப்புச் சொல்லும் ஜூரிகள் ஊர்க்காரர்கள். வேலை வாங்கும் கங்காணியைக்கூடப் பல இடங்களில் பண்ணையடிமைகளே தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுத்தார்கள். 'எங்கள் தாத்தன் காலத்திலிருந்து இரண்டு நாள்தான், மூன்றாவது நாள் கிடையாது' என்று நின்று வாதாடி, அதை நீதிமன்றப் பதிவேட்டுச் சுருளில் எழுதவைத்தவர்கள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பதிவேட்டின் பலத்தை இப்படிக் கற்றார்கள்.

வியாழன், வார்ரம் பெர்சி

யார்க்ஷயரின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே கைவிடப்பட்ட ஒரு கிராமம். காரை நிறுத்திவிட்டு முக்கால் மைல் போல இறங்கி நடக்க வேண்டும். நுழைவுச் சீட்டு கிடையாது, கடை கிடையாது, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

கூரையில்லாத தேவாலயம் ஒன்றுதான் முழுசாகக் கண்ணுக்குத் தெரிவது. மேட்டில் ஏறினால் புல்லுக்கு அடியில் வீடுகளின் அடித்தளங்கள் வரிசையாகப் புடைத்துத் தெரிகின்றன. வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நீளமான கொல்லை. மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் இங்கே தோண்டினார்கள். அரண்மனைகளையும் மடாலயங்களையும் தோண்டிய காலத்தில் உழவன் வீட்டைத் தேடி நாற்பது வருடம் போனவர்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தேவாலயத்தின் சுவரை உற்றுப் பாருங்கள். பக்கவாட்டுக் கூடங்களுக்குத் திறந்த வளைவுகளைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஊர் பெருகியபோது கட்டிய கூடங்கள், ஊர் குறைந்தபோது இடிக்கப்பட்டன. 1348–49 கொள்ளைநோய் இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மக்களைக் கொன்றது. வார்ரம் அதில் அழிந்துவிடவில்லை. 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆட்டு ரோமத்துக்கு விலை ஏறியபோது, மிச்சமிருந்த சில குடும்பங்களையும் நிலவுடைமையாளர் வெளியேற்றிவிட்டு மேய்ச்சல் நிலமாக்கினார். முன்பு ஊரை விட்டுப் போகக் கூடாது என்று கட்டிவைத்தார்கள், பிறகு இருக்கக் கூடாது என்று விரட்டினார்கள்.

வெள்ளி

அக்கா வேலைக்குப் போக வேண்டும். யார்க்கில் என்னை இறக்கிவிட்டாள். ரயில், லண்டன், தூக்கம்.

சனி, செயின்ட் ஆல்பன்ஸ்

செயின்ட் பாங்க்ரஸிலிருந்து கொஞ்ச நேரம்தான். பழைய ரோமானிய நகரத்தின் செங்கற்களை எடுத்துக் கட்டிய பெரிய மடாலயக் கோயில், இப்போது பேராலயம். உள்ளே ஒரு வானியல் கடிகாரத்தின் மறு உருவாக்கம் வைத்திருக்கிறார்கள். மூலத்தை வடிவமைத்தவர் மடாதிபதி ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட், அக்கால ஐரோப்பாவின் பெரிய கணித மேதைகளில் ஒருவர். ஒரு கொல்லரின் மகன். மேலே போக எளியவனுக்கு இருந்த ஒரே ஏணி திருச்சபை என்பதற்கு இவரைவிடச் சான்று வேண்டாம்.

இதே மனிதர்தான் ஊராரின் கைத்திரிகைகளைப் பறித்தவரும். வீட்டில் மாவரைத்தால் மடாலய ஆலையின் வருமானம் போய்விடுமே. 1331ஐ ஒட்டி ஊரில் இருந்த திரிகைக் கற்களை எல்லாம் கொண்டுவரச் செய்து, மடாலயத்தின் வரவேற்புக் கூடத்துக்குத் தளமாகப் பதித்துவிட்டார். ஐம்பது வருடம் துறவிகள் அதன் மேல் நடந்தார்கள்.

கொள்ளைநோய்க்குப் பின் ஆள் பற்றாக்குறையில் கூலி ஏறியது. 1351 சட்டம் கூலியைப் பழைய அளவிலேயே நிறுத்தப் பார்த்தது. பிரான்சோடு நடந்த போருக்குத் தலைவரி: 1377இல் நான்கு பென்னி, 1380இல் பன்னிரண்டு. 1381 மே கடைசியில் எசெக்ஸில் கிளர்ச்சி வெடித்தது. ஜூன் 14 அன்று லண்டன் மைல் எண்டில், பதினான்கு வயது அரசன் இரண்டாம் ரிச்சர்டிடம் கிளர்ச்சியாளர்கள் கேட்டது தெளிவாக இருந்தது: பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும், ஏக்கருக்கு நான்கு பென்னி குத்தகை. அரசன் சம்மதித்துச் சாசனம் எழுதிக் கொடுத்தான். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் தலைவன் வாட் டைலர் வெட்டப்பட்டான். அப்புறம் சாசனங்கள் ரத்து.

கிளர்ச்சிக்காரர்கள் போன ஊரெல்லாம் பண்ணைப் பதிவேடுகளைத் தேடிக் கொளுத்தினார்கள். தங்கள் அடிமைத்தனம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். செயின்ட் ஆல்பன்ஸ்காரர்கள் அதோடு நிற்கவில்லை. மடாலயத்துக்குள் புகுந்து, அந்தக் கூடத்தின் தளத்தைப் பெயர்த்து, திரிகைக் கற்களை வெளியே கொண்டுவந்து உடைத்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அப்பம் பகிர்வதுபோல ஆளுக்கொரு துண்டு பகிர்ந்துகொண்டார்கள். இதை எழுதிவைத்த தாமஸ் வால்சிங்ஹாம் அதே மடாலயத் துறவி, கிளர்ச்சியை வெறுத்தவர். அவர் எழுத்திலேயே அந்தக் காட்சி என்னை அழவைத்துவிட்டது.

அவர்கள் திரண்டு வந்த 14ஆம் நூற்றாண்டு நுழைவாயில் கோயிலுக்கு மேற்கே அப்படியே இருக்கிறது. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் பகுதி. ஊர்க் கிளர்ச்சியின் தலைவன் வில்லியம் கிரிண்ட்கோப்பைப் பிடித்து, கிளர்ச்சியின்போது மடாலயத்திடமிருந்து வாங்கிய சாசனங்களைத் திருப்பித் தரும்படி ஊராரிடம் சொல்லிச் சம்மதிக்கவைத்தால் உயிர் மிஞ்சும் என்று பிணையில் விட்டார்கள். அவன் ஊருக்கு வந்து, என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், விட்டுக்கொடுக்காதீர்கள் என்றான். தூக்கிலிட்டார்கள். ஆதாம் நிலம் கொத்தி ஏவாள் நூல் நூற்ற காலத்தில் பிரபு யார் என்று கேட்ட பாதிரியார் ஜான் பாலையும் ஜூலை 15 அன்று அரசன் முன்னிலையில் இதே ஊரில்தான் கொன்றார்கள்.

கிளர்ச்சி தோற்றது. ஆனால் ஆள் கிடைக்காத நாட்டில் பிரபுக்களால் பழையபடி வேலை வாங்க முடியவில்லை. கூலியில்லா உழைப்பு பணக் குத்தகையாக மாறியது. நிலத்தின் மீதான உரிமையைப் பண்ணைப் பதிவேட்டின் நகலாகக் குடியானவர்கள் கையில் வாங்கிக்கொண்டார்கள். 1574இல் முதலாம் எலிசபெத், அரச நிலங்களில் எஞ்சியிருந்த பண்ணையடிமைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு விடுவிக்க ஆணையிட்டார். அந்தப் பதிவேட்டு நகல் உரிமை மட்டும் இன்னும் நெடுங்காலம் நீடித்து, 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1926 ஜனவரி முதல் தேதியில் முடிவுக்கு வந்தது.